முலாம் தொட்டியிலும் துருப்பிடித்த குழாயிலும் ஒரே கணக்கு

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் பாரடேயின் மின்னாற்பகுப்பு விதிகளைப் படித்தேன், கணக்கும் போட வருகிறது. அதே பாடத்தின் கடைசியில் உலோக அரிமானம் வருகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? மின்னாற்பகுப்பில் நேர்மின்வாய் பிளஸ் என்கிறார்கள், அரிமானத்தில் அதே நேர்மின்வாயை மைனஸ் என்கிறார்கள். எது சரி? இன்னொன்று: எங்கள் வீட்டு ஜி.ஐ. பைப்பின் முனையில் பித்தளை டேப் மாட்டினோம். மூன்றே வருடத்தில் அந்த மரை இருக்கும் இடம் மட்டும் உளுத்து ஒடிந்துவிட்டது. இதற்கும் பாடத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்:

உண்டு. நீங்கள் கடைசியில் கேட்ட டேப் சமாச்சாரத்தில்தான் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

நான் சில வருடங்கள் மின்முலாம் பட்டறையில் இருந்தேன். அப்புறம் மண்ணுக்கடியில் போகும் இரும்புக் குழாய்களை அரிமானத்திலிருந்து காக்கும் வேலைக்குப் போனேன். முதல் வேலையில் மின்சாரம் கொடுத்து உலோகத்தைப் படிய வைத்தோம். இரண்டாவதில், படிந்திருக்கும் உலோகம் கரைந்து போகாமலிருக்க மின்சாரம் கொடுத்தோம். இரண்டு இடத்திலும் கால்குலேட்டரில் தட்டிய எண் ஒன்றுதான்: 96,485. ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம், கூலும் கணக்கில்.

முதலில் பிளஸ் மைனஸ் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இதில் பாதிப் பழி நம் கலைச்சொல்லுக்கு. நேர்மின்வாய் என்ற பெயரிலேயே 'நேர்' இருக்கிறது, ஆகவே அது பிளஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. இலங்கைப் பாடநூல்களில் அனோட்டு, கதோட்டு என்றே எழுதுகிறார்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு என்று நினைக்கிறேன்.

பாரடே இந்தச் சொற்களைத் தேடியதே குறி ஒட்டாத பெயர் வேண்டும் என்பதற்காகத்தான். 1834இல் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதி யோசனை கேட்டார். ஹியூவெல் கிரேக்கத்திலிருந்து இரண்டு சொற்களை எடுத்துக் கொடுத்தார். ஆனோடு என்றால் மேலேறும் வழி, கேத்தோடு என்றால் கீழிறங்கும் வழி. ஏறுவதும் இறங்குவதும் எது? சூரியன்! மின்கலத்தைக் கிழக்கு மேற்காக வைத்து, பூமியின் காந்தத்தை உண்டாக்கும் மின்னோட்டம் ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்து, அது போகும் திசையிலேயே இதுவும் போகிறது என்று வைத்தால் ஆனோடு சூரியன் உதிக்கும் பக்கம் வரும், கேத்தோடு மறையும் பக்கம். மின்சாரம் என்பது உண்மையில் என்ன என்று அன்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு அந்தக் கருத்து மாறினாலும் பெயர் தப்பாகிவிடக் கூடாது என்பது பாரடேயுடைய கவலை. நாம் தமிழாக்கும்போது அந்தக் கவலையைத் தொலைத்துவிட்டு, நேர், எதிர் என்று குறியை ஒட்டிவிட்டோம்.

சரி, குறியை மறந்துவிட்டால் எதைப் பிடித்துக்கொள்வது? இதை மட்டும்: உலோகத்திலிருந்து மின்னோட்டம் கரைசலுக்குள் இறங்கும் இடம் நேர்மின்வாய். அங்கே ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரானை இழப்பது, நடக்கும். உலோகம் கரையக் கூடியதாக இருந்தால் அங்கேதான் கரையும். கரைசலிலிருந்து மின்னோட்டம் உலோகத்துக்குள் ஏறும் இடம் எதிர்மின்வாய், அங்கே ஒடுக்கம், அதாவது எலக்ட்ரானைப் பெறுவது, நடக்கும். முலாம் தொட்டி, பேட்டரி, துருப்பிடித்த ஆணி என்று எதை எடுத்தாலும் இது மாறாது. மாறுவது யார் தள்ளுகிறார்கள் என்பதுதான். முலாம் தொட்டியில் ரெக்டிபையர் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் கருவி) தள்ளுகிறது. அது எலக்ட்ரானை எந்தத் தகட்டிலிருந்து உறிஞ்சுகிறதோ அந்தத் தகடு பிளஸ். துருப்பிடிக்கும் இரும்பிலோ வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை, இரும்பே தன் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிறது. எலக்ட்ரான் புறப்படும் முனை என்பதால் மீட்டரில் மைனஸ் காட்டும். உங்கள் இரண்டு பாடங்களும் சரிதான்.

இப்போது விதிகள். உங்களுக்குக் கணக்கு வருகிறது என்கிறீர்கள், அதனால் வேகமாகப் போகிறேன். முதல் விதி: வெளியாகும் பொருளின் நிறை, செலுத்திய மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டாவது விதி: ஒரே அளவு மின்னூட்டத்தைப் பல கரைசல்களில் செலுத்தினால், வெளியாகும் நிறைகள் அவற்றின் சமான நிறைகளின் (அணு நிறையை அயனி கேட்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தது) விகிதத்தில் இருக்கும். அதாவது 96,485 கூலும் போனால் வெள்ளி 107.9 கிராம், செம்பு 31.8 கிராம், அலுமினியம் 9 கிராம். வெள்ளி அயனி ஒரு எலக்ட்ரான் கேட்கிறது, செம்பு இரண்டு, அலுமினியம் மூன்று. எலக்ட்ரான் என்ற ஒன்றைப் பற்றி யாருக்கும் தெரியாத 1833-34இல், ஒரு கொல்லரின் மகன் தராசையும் கண்ணாடிக் குழாயையும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தார். பாரடேயின் அப்பா கருமான் வேலை செய்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

இந்த விதியை எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பதற்கு ஒரு கதை. நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் 1882 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்தாயிற்று, பில் எப்படிப் போடுவது? சுழலும் சக்கர மீட்டரெல்லாம் அப்போது கிடையாது. எடிசன் வைத்தது ஒரு கண்ணாடிப் புட்டி, துத்தநாக சல்பேட் கரைசல், இரண்டு துத்தநாகத் தகடு. வீட்டுக்குப் போகும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு இதன் வழியாகப் போகும். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகடுகளை எடுத்துப் போய் எடை போடுவார். எடை எவ்வளவு மாறியிருக்கிறதோ அதற்குத் தக்க பில். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாமலிருக்க உள்ளே ஒரு பல்பு வேறு. ஆம்பியரின் சர்வதேச வரையறையும் 1948 வரை எடைக் கணக்குதான்: வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து நொடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படிய வைக்கும் மின்னோட்டம் ஒரு ஆம்பியர்.

பட்டறையில் இந்த விதி எங்களை ஏமாற்றுவதுபோலத் தோன்றும் ஒரு இடம் உண்டு, அது குரோம் தொட்டி. ஆறு எலக்ட்ரான் கணக்குப்படி ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 0.32 கிராம் குரோமியம் படிய வேண்டும். எடுத்து எடை போட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. விதி பொய்த்துவிட்டதா? தொட்டியைப் பார்த்தால் தெரியும், பொங்கி நுரைத்துக்கொண்டிருக்கும். பெரும்பகுதி எலக்ட்ரான் ஹைட்ரஜனை வெளியேற்றுவதில் போகிறது. அந்த ஹைட்ரஜனையும் சேர்த்து எண்ணினால் கணக்கு நேராகிவிடும். அந்தக் குமிழிகள் உடையும்போது குரோமிக் அமிலத் தூறல் கிளம்பும். மூக்கின் நடுச்சுவர் புண்ணாகித் துளை விழுவது குரோம் தொட்டித் தொழிலாளர்களின் பழைய நோய். பாடப்புத்தகத்தில் 'மின்னோட்டத் திறன்' என்று ஒரு வரியில் வருவது பட்டறையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் விஷயம்.

இனி அரிமானம். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விடுங்கள். துளி எங்கே அரிக்கும்? காற்று நன்றாகப் படும் ஓரத்தில்தான் அரிக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். துரு என்றால் ஆக்சிஜன்தானே. நடப்பது நேர்மாறு: துளியின் நடுவில்தான் இரும்பு கரையும். கேம்பிரிட்ஜில் இருந்த உலிக் எவன்ஸ் என்ற ஆய்வாளர் பிரபலமாக்கிய சோதனை இது. துளியில் கொஞ்சம் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் பீனால்ப்தலினும் கலந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். நடுவே நீலம் படரும், அது கரைந்து வரும் இரும்பு அயனி. ஓரத்தில் ரோஜா நிறம் வரும், அது ஆக்சிஜன் ஒடுக்கமடைந்து ஹைட்ராக்சைடு உருவாகும் இடம்.

ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் ஓயாமல் கரைந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் வேண்டும். அதைக் கொடுப்பது நடுவில் இருக்கும் இரும்பு. எலக்ட்ரான் தகட்டின் உள்ளாகவே ஓரத்துக்குப் போகிறது, அயனிகள் துளியின் உள்ளாக நகர்கின்றன. சுற்று முழுமையாகிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு துண்டு இரும்பும் சேர்ந்து ஒரு மின்கலம், நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் ஒரே தகட்டில். பழுப்புத் துரு கண்ணுக்குத் தெரிவது இரண்டுக்கும் நடுவில், கரைந்த இரும்பும் ஹைட்ராக்சைடும் ஆக்சிஜனும் சந்திக்கும் வளையத்தில். வேலிக் கம்பம் மண்ணைத் தொடும் இடத்துக்குச் சற்றுக் கீழே இற்றுப் போவதற்கும், பெயின்ட் உரிந்த இடத்தைவிட உரியாத பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து போய் அரிப்பதற்கும் இதுவே காரணம். ஆக்சிஜன் குறைவாக இருக்கும் மறைவிடம் பலியாகிறது.

நீங்கள் கேட்ட சம்பந்தம் இங்கேதான் இருக்கிறது. துருவை உண்டாக்குவது மின்னோட்டம் என்றால், அதற்கும் பாரடே விதி பொருந்த வேண்டுமே? 1932இல் எவன்ஸும் அவருடன் வேலை செய்த ஹோரும் அதைச் சோதித்தார்கள். இரும்புத் தகட்டில் அரிக்கும் பகுதியையும் அரிக்காத பகுதியையும் தனித்தனியாக வெட்டி, கம்பியால் இணைத்து, இடையே ஓடிய மின்னோட்டத்தை அளந்தார்கள். இழந்த எடை பாரடே கணக்கோடு பொருந்தியது. துருப்பிடித்தல் என்பது ஸ்விட்சும் ஒயரும் இல்லாத மின்னாற்பகுப்பு என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரே வித்தியாசம், மின்சாரச் செலவை இரும்பே ஏற்றுக்கொள்கிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் இரும்பிலிருந்து ஒரு வருடம் முழுக்க வெளியேறினால் எவ்வளவு கரையும்? வருடத்துக்கு 3,15,36,000 நொடி. அத்தனை கூலும். 96,485ஆல் வகுத்து, இரண்டு எலக்ட்ரானுக்காக இரண்டாலும் வகுத்து, 55.85ஆல் பெருக்குங்கள். 9.1 கிலோ வரும். குழாய்ப் பாதை வேலையில் இருப்பவர்களுக்கு இது மனப்பாடம்: ஒரு ஆம்பியர், ஒரு வருடம், ஒன்பது கிலோ இரும்பு. ஈயம் என்றால் 34 கிலோ.

சிறிய பக்கமும் பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோ ஆம்பியர் என்றால் இரும்பு வருடத்துக்கு 11.6 மைக்ரோமீட்டர் தேயும். கடல்நீரில் மூழ்கிய சாதாரண இரும்பு வருடத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும் என்பது பொதுவான அனுபவம். திருப்பிக் கணக்குப் போட்டால், ஒரு சதுர மீட்டர் தகட்டில் ஓடுவது 86 மில்லி ஆம்பியர்தான். உங்கள் போன் சார்ஜர் கொடுப்பதில் இருபதில் ஒரு பங்கு அளவு. ஆனால் அதற்கு ஆஃப் பட்டன் கிடையாது. வருடம் முடிவில் முக்கால் கிலோவுக்கு மேல் இரும்பு போயிருக்கும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மின்னோட்டம் இவ்வளவு என்று சொன்னால் எடை இவ்வளவு என்று பாரடே விதி சொல்லிவிடும். மின்னோட்டம் ஏன் அவ்வளவு ஓடுகிறது என்று கேட்டால் பதில் சொல்லாது. அதைத் தீர்மானிப்பவை வேறு: இரண்டு உலோகங்களுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு, ஆக்சிஜன் எவ்வளவு வந்து சேர்கிறது, தண்ணீர் எவ்வளவு கடத்துகிறது, உலோகத்தின் மேல் படலம் ஏதாவது இருக்கிறதா, எது எவ்வளவு பரப்பு. அரிமானத்தைத் தடுக்கும் வழிகள் எல்லாமே இந்த மின்னோட்டத்தைக் குறைப்பவை, அல்லது அதை வேறு யார் தலையிலாவது கட்டுபவை.

இந்தப் பரப்பு விஷயத்தில் பொறியாளர்களே தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். செம்பும் இரும்பும் ஒன்றாக உப்புத் தண்ணீரில் இருக்கின்றன. கொஞ்சம் பெயின்ட் இருக்கிறது. எதற்கு அடிப்பீர்கள்? அரிப்பது இரும்பு, இரும்புக்கு அடிப்போம் என்றுதான் தோன்றும். அடித்தால் கெட்டது! பெயின்டில் எங்காவது ஒரு ஊசிமுனைத் துளை இருக்கும். மொத்தச் செம்புப் பரப்பும் எதிர்மின்வாயாக நின்று ஆக்சிஜனை ஒடுக்கும். அதற்கு வேண்டிய எலக்ட்ரான் முழுவதையும் அந்த ஒரு துளையே கொடுக்க வேண்டும். பரவலாக மெதுவாகத் தேய்ந்திருக்க வேண்டிய இரும்பு ஒரே புள்ளியில் ஓட்டையாகிவிடும். மொத்த எடை இழப்பு ஒன்றேதான், பாரடே அதில் தப்பு சொல்ல மாட்டார். ஆனால் தொட்டி ஒழுக ஆரம்பிக்க ஒரு ஓட்டை போதுமே. ஆகவே ஒன்றுக்குத்தான் அடிக்க முடியும் என்றால் செம்புக்கு அடியுங்கள்.

யார் தலையிலாவது கட்டுவது என்றேனே, அந்த யோசனை பாரடேயின் குரு ஹம்ப்ரி டேவியுடையது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் மர அடிப்பாகத்தில் செம்புத் தகடு அடித்திருந்தார்கள், கடல்நீரில் அது அரித்துக்கொண்டிருந்தது. டேவி 1824இல், செம்போடு சிறு துண்டு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் செம்பு அரிக்காது என்று காட்டினார். அந்தச் சோதனைகளில் உதவியாளராகக் கூட இருந்தவர் பாரடே. கொச்சியில் கட்டப்பட்ட சமராங் என்ற கப்பலில் இரும்புத் துண்டுகளை மாட்டி அனுப்பினார்கள். செம்பு அரிக்கவில்லை, டேவி ஜெயித்தார். ஆனால் கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் மண்டி வேகம் குறைந்துவிட்டது. செம்பு கரைந்து வந்த நஞ்சுதான் அதுவரை அவற்றை ஒட்டவிடாமல் வைத்திருந்தது. கரைவதை நிறுத்தியதும் காவலும் போய்விட்டது. திட்டத்தைக் கைவிட்டார்கள். வேதியியலில் வென்று கடலில் தோற்ற கதை.

ஆனால் யோசனை சாகவில்லை. இரும்புக் கப்பல்களின் அடியில், சுழலிக்குப் பக்கத்தில் இன்றும் துத்தநாகக் கட்டிகளைப் பார்க்கலாம். தியாக நேர்மின்வாய் என்று நம் புத்தகங்களில் கொஞ்சம் உருக்கமாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். எத்தனை கிலோ கட்டி வேண்டும் என்பதும் பாரடே கணக்குத்தான்: ஒரு ஆம்பியரை ஒரு வருடம் தாங்கத் துத்தநாகம் 10.7 கிலோ வேண்டும், அலுமினியம் 2.9 கிலோவே போதும். அலுமினிய அணு மூன்று எலக்ட்ரான் கொடுக்கும், எடையும் குறைவு. நடைமுறையில் கொஞ்சம் வீணாகும் என்று கூடுதலாகப் போடுவார்கள்.

உங்கள் வீட்டிலேயே ஒன்று ஒளிந்திருக்கலாம். தொட்டி வைத்த வாட்டர் ஹீட்டர்களுக்குள் பெரும்பாலும் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதிலாக அது கரைய வேண்டும். எங்கள் வீட்டு ஹீட்டரை ஏழு வருடம் கழித்துக் கழற்றியபோது உள்ளே மெல்லிய நடுக்கம்பி மட்டும் மிச்சமிருந்தது, மெக்னீசியம் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. அரிமானத்தைத் தடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டு லட்சணம் அது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

ஜி.ஐ. பைப்பில் இருக்கும் துத்தநாகப் பூச்சும் இதே வேலை செய்கிறது. கீறல் விழுந்தாலும் சுற்றியிருக்கும் துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கும். பழைய பிஸ்கட் டின்களில் இருப்பது வெள்ளீயப் பூச்சு, அது வேறு மாதிரி. பூச்சு முழுதாக இருக்கும்வரை சரி. கீறல் விழுந்து மழையில் நனைந்தால் இரும்பே நேர்மின்வாய், வெள்ளீயம் எதிர்மின்வாய். பூச்சே எதிரியாகிவிடும்.

மின்னாற்பகுப்புக்கும் அரிமானத்துக்கும் நடுவே கோடு கிழிக்கவே முடியாத ஒரு இடமும் இருக்கிறது: கசிவு மின்னோட்டம். நேர்மின்சாரத்தில் ஓடும் டிராம், மெட்ரோ ரயில்களில் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். தண்டவாளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே காப்பு சரியில்லை என்றால் ஒரு பகுதி மண்ணில் இறங்கும். மண்ணில் ஒரு இரும்புக் குழாய் கிடந்தால் அது சுலபமான வழி. குழாயில் ஏறும், சில கிலோமீட்டர் பயணம் செய்யும், துணைமின்நிலையம் பக்கத்தில் இறங்கும். முன்பு சொன்ன வரையறையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஏறும் இடம் எதிர்மின்வாய், அங்கே குழாய்க்கு ஒன்றும் ஆகாது. இறங்கும் இடம் நேர்மின்வாய். அங்கே ஆம்பியருக்கு வருடம் ஒன்பது கிலோ! 1890களில் அமெரிக்க நகரங்களில் மின் டிராம்கள் வந்தபோது தண்ணீர்க் குழாய்கள் ஓட்டையானது இப்படித்தான். பெங்களூரு, கொச்சி மெட்ரோக்கள் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் மூன்றாவது தண்டவாளம் வைத்து ஓடுபவை. அந்த மாதிரிப் பாதைகளில் கசிவை அளந்து கட்டுப்படுத்துவது ஒரு தனி வேலை. சென்னை மெட்ரோ 25,000 வோல்ட் மாறுமின்சாரம் என்பதால் இந்தத் தலைவலி அங்கே பெரிதாக இல்லை.

இதையே நல்லதுக்கும் திருப்பலாம். குழாயிலிருந்து மின்னோட்டம் இறங்கினால் கெடுதல் என்றால், வேண்டுமென்றே வெளியிலிருந்து குழாய்க்குள் ஏறும்படி செய்துவிட்டால்? ரெக்டிபையரின் மைனஸைக் குழாயோடும், பிளஸ்ஸை மண்ணில் புதைத்த வேறு மின்வாயோடும் இணைத்து விடுவோம். குழாய் முழுவதும் எதிர்மின்வாயாகிவிடும். அவ்வளவுதான் என் பத்து வருட உத்தியோகம். மாற்றி இணைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் ஒருமுறை மாற்றி இணைத்திருந்தார். எங்கே, யார் என்று சொல்ல மாட்டேன்.

நம் பக்கத்தில் இந்தப் பாடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பாம்பனுக்குப் போக வேண்டும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் நூறு வருடத்துக்கு மேல் உப்புக் காற்றில் நின்றது. 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தார்கள். புதியதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் பூச்சு, முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள். இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடித்தது. போல்ட்டும் ரிவெட்டும் போட்ட இணைப்பில் இடுக்கு இருக்கும், இடுக்கில் உப்புத் தண்ணீர் நிற்கும், ஆக்சிஜன் உள்ளே போகாது. எவன்ஸின் துளி நடுவேதான் அந்த இடுக்கு. பற்றவைத்தால் இடுக்கே இல்லை.

சற்று உள்ளே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறந்தது. பாம்பனுக்குப் பக்கத்திலேயே மண்டபத்தில் அவர்களுக்கு அரிமான ஆய்வு நிலையம் உண்டு. மின்முலாமும் அரிமானமும் ஒரே நிறுவனத்தின் கூரைக்குக் கீழே ஏன் இருக்கின்றன என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

கான்கிரீட்டைப் பற்றி ஒரு பத்தியாவது சொல்லாமல் விட மனம் வரவில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் சாதாரணமாகத் துருப்பிடிப்பதில்லை? சிமென்டின் காரத்தன்மை, பி.எச். 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி மின்னோட்டத்தை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டாலோ, கழுவாத கடல் மணலைச் சேர்த்தாலோ, குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைக்கும். உடைந்த இடம் சிறு நேர்மின்வாய், மீதிக் கம்பி முழுதும் எதிர்மின்வாய். செம்பு, பெயின்ட் கதைதான் மறுபடியும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் அடைக்கும். கூரை உப்பி, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழும். மேலே சிமென்ட் பூசி வெள்ளை அடிப்பதால் உள்ளே ஓடும் மின்னோட்டம் நிற்காது.

இப்போது உங்கள் டேப். ஜி.ஐ. பைப்பில் மரை போடும்போது அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சைச் செதுக்கி எடுத்துவிடுகிறோம், வெறும் இரும்பு வெளியே தெரிகிறது. அதில் பித்தளையைத் திருகுகிறீர்கள். பித்தளையில் செம்பு இருப்பதால் அது எதிர்மின்வாய், மரையில் தெரியும் கொஞ்சூண்டு இரும்பு நேர்மின்வாய். நடுவே தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் சரியாகக் கடத்தாது, விவகாரம் பத்துப் பதினைந்து வருடம் இழுக்கும். நீங்கள் சொல்லும் மூன்று வருடத்தைப் பார்த்தால் உப்புப் போர் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். மரை வெட்டியதில் அங்கே பைப்பின் கனமும் ஏற்கெனவே பாதியாகக் குறைந்திருக்கும். உளுக்காமல் என்ன செய்யும்?

டெப்லான் நாடா சுற்றினால் போதும் என்று பிளம்பர் சொல்லுவார். அது ஒழுகலைத்தான் நிறுத்தும். திருகும்போது மரையின் முகடுகள் அதைக் கிழித்துக்கொண்டு ஒன்றையொன்று தொட்டுவிடும், எலக்ட்ரானுக்கு அது போதும். பைப்புக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு சாண் பிளாஸ்டிக் பைப் போட்டுவிடுங்கள், அல்லது டேப்பையே பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய வீடுகளில் அந்த ஜி.ஐ. பைப்பையே எர்த்துக்குப் பயன்படுத்தியிருப்பார்கள். நடுவே பிளாஸ்டிக் போட்டால் எர்த் அறுந்துவிடும். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டு அப்புறம் பைப்பில் கை வையுங்கள்.